இன்சுலின்தான் வில்லனா?
மாவுச்சத்தைக் குறைத்து இன்சுலின் அளவை இறக்கிவிட்டால் இதயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறது நீரிழிவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதுதான் இடிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் உடல் அதற்குச் செவிசாய்க்கவில்லை என்பதன் அடையாளம். இன்சுலினே இதயத்தைக் கெடுக்கிறது என்றால் 2012இல் வெளியான ஆரிஜின் ஆய்வில் அது தெரிந்திருக்க வேண்டுமே? நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ உள்ள 12,500க்கும் மேற்பட்டோரில் பாதிப் பேருக்கு கிளார்ஜின் என்ற இன்சுலின் ஊசி, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. சுமார் 6 ஆண்டுகளுக்குப் பிறகும் மாரடைப்பு, பக்கவாதத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை (ஊசி போட்டவர்களுக்குத் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வதும் எடையும் கொஞ்சம் கூடியது உண்மைதான்). என் சித்தப்பா மாவுச்சத்தை அடியோடு குறைத்தவர். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி இறங்கியது, ரத்தக் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் இறங்கியது. அதே ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் மட்டும் எகிறியிருந்தது, டாக்டர் அன்றே அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிவிட்டார். மாவுச்சத்துக்குப் பதில் எந்தக் கொழுப்பைச் சாப்பிடுவது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கட்டுரையைப் படித்துப் பயந்துபோய் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டதாக அதன் கீழே எழுதியிருக்கும் நண்பரே, தயவுசெய்து தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள், அப்படியே ரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.