குரே நகரத்துச் சிப்பாய் ஆல்பங்கள்

ஆக்கிரமிப்பு என்றாலே முள்கம்பியும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். 1946 தொடக்கத்தில் போரில் தோற்ற ஜப்பானின் குரே துறைமுகத்தில் வந்திறங்கிய காமன்வெல்த் படையின் (பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா சேர்ந்த ஆக்கிரமிப்புப் படை) படங்களில் அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யமாட்டோ போர்க்கப்பலைக் கட்டிய ஊர் அது. ஆனால் படங்களில் இருப்பது விளையாட்டு, சாப்பாட்டு வரிசை, மிட்டாய்க்குக் கை நீட்டும் பிள்ளைகள், சிப்பாயின் துணி துவைக்கும் பெண்கள்.

இவற்றை நட்புக்குச் சாட்சி என்று சிலர் பகிர்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சிரிப்பு பொய் என்று சொல்லவில்லை. அந்தப் பையன்களில் பலருக்கு இருபது வயதுகூட இருக்காது, நல்ல பையன்களாகவும் இருந்திருக்கலாம். ஆனால் படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பையும் படியுங்கள். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் தொகுப்பில் சிப்பாய்க்குப் பெயர், பதவி, எண், சொந்த ஊர் வரை பல படங்களில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் வெறும் ‘ஜப்பானியப் பெண்’. தினமும் துணி துவைத்துப் போட்டவருக்கு ஒரு பெயர் இருந்திருக்காதா?

இத்தனைக்கும் ஜப்பானியரோடு பழகக்கூடாது, அவர்கள் வீட்டுக்குள் போகக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. யார் கேட்டார்கள்? காதல், கல்யாணம், குழந்தை எல்லாம் நடந்தது. ஜப்பானிய மனைவியை ஊருக்கு அழைத்துப்போக ஆஸ்திரேலியா அனுமதித்ததே 1952இல்தான்.

அந்தப் படையில் நம்மவர்களும் இருந்தார்கள். பிற்பாடு இந்தியத் தரைப்படைத் தளபதியான திம்மையாதான் அங்கே இந்தியப் பிரிகேடை நடத்தினார். மராட்டா, பஞ்சாப், கூர்க்கா பட்டாளங்கள். சொந்த நாட்டில் பிரிட்டிஷ் கொடி பறக்கும்போதே இன்னொரு நாட்டில் ஆக்கிரமிப்புப் படையாகக் காவல் நின்றார்கள். இந்தக் கோணத்தில் நம் ஊரில் யாரும் பெரிதாக எழுதியதாகத் தெரியவில்லை. 1947இல் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் ஹிரோஷிமா. குரேயிலிருந்து கூப்பிடு தூரம். விடுப்பு கிடைத்தால் சிப்பாய்கள் அங்கே போய், அணுகுண்டில் எலும்புக்கூடாகிப்போன கட்டடத்தின் குவிமாடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நாம் தாஜ்மகால் முன் நிற்பதுபோல. அதே ஊரில் குண்டு விழுந்த அன்று மட்சுஷிகே யோஷிடோ என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் கேமராவோடு சுற்றினார். எதிரே கண்ட கோலத்தில் ஷட்டரை அழுத்தக் கை வரவில்லை. அன்று அவர் எடுத்ததில் தேறியது 5 படங்கள்தான்.

சிப்பாய் தன் படத்தைத் தபாலில் அம்மாவுக்கு அனுப்பலாம். ஜப்பானியப் பத்திரிகைகள் மீதோ 1945 செப்டம்பரிலிருந்தே ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கை. தணிக்கை நடக்கிறது என்று எழுதவும் தடை. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்தது. அந்த ஆகஸ்டு 6ஆம் தேதி இதழில்தான் ‘அசாஹி கிராஃப்’ என்ற படப் பத்திரிகை அணுகுண்டுவீச்சுப் படங்களைப் பக்கம் பக்கமாகப் போட்டது.