சிறைக்குப் புத்தகம் போனது சரி, கைதி கைக்குப் போனதா?

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டு, கைதிகளுக்காகப் புத்தக தானம் கேட்டது. நல்ல காரியம்தான். ஆனால் சிறை நூலகம் என்று பேச்செடுத்தாலே எத்தனை ஆயிரம் புத்தகம் சேர்ந்தது என்பதோடு நின்றுவிடுகிறோம். எந்த பிளாக்குக்கு, எந்த நேரத்தில் புத்தகம் போய்ச் சேர்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பகலில் தண்டனைக் கைதிக்கு வேலை இருக்கும். நூலகம் திறந்திருப்பதும் அதே பகலில்தான். மாலை ஆறு மணிவாக்கில் லாக்கப் ஆனால் விடியும்வரை அறைக்குள். படிக்க வாய்க்கும் நேரம் அதுதான். அப்போது புத்தகம் பீரோவில் பூட்டிக் கிடந்தால் என்ன பயன்? பூட்டுவதற்கும் காரணம் உண்டு. ஜாமீன் உத்தரவு சாயங்காலம் வந்து சேரும், ஆள் மூட்டையைக் கட்டிக் கிளம்புவார், புத்தகமும் கூடவே போகும். இருப்பு குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பூட்டத்தான் செய்வார். பத்துக்கு ஒன்று தொலையும் என்று கணக்கிலேயே தள்ளுபடி கொடுத்துவிடுங்கள். பிளாக்குக்கு ஒரு டிரங்குப் பெட்டி, அதில் நாற்பது ஐம்பது புத்தகம், ஒரு நோட்டு, படித்த கைதி ஒருவர் பொறுப்பு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியை அடுத்த பிளாக்குக்கு மாற்றுங்கள். போதும்.

பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே ஒரு புத்தகம் படித்தால் தண்டனையில் நான்கு நாள் குறையும். வருடத்துக்குப் பன்னிரண்டு புத்தகம்வரை, அதாவது 48 நாள். 2012-இல் கூட்டாட்சிச் சிறைகளில் தொடங்கியதற்கு 2021-இல் அந்நாட்டின் தேசிய நீதிக் கவுன்சில் தெளிவான விதி வகுத்தது. புத்தகத்தை எடுத்த கைதிக்குப் படிக்க 21 முதல் 30 நாள். பிறகு படித்ததைப் பற்றி எழுதித் தர வேண்டும். ஒரு குழு அதைப் பார்த்து ஒப்புதல் தரும், நாளைக் குறைப்பது நீதிபதி. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம், படம்கூட வரையலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். எழுத்தறிவில்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடவில்லை.

ஒப்புதல் தரும் குழு மாதக்கணக்கில் கூடாவிட்டால் இதுவும் படுத்துவிடும். கைதிகள் பார்த்து எழுதுவார்களே என்பீர்கள். எழுதுவார்கள், உண்மைதான். நம் பரீட்சை ஹாலில் நடக்காததா?

வேலைக்கும் நன்னடத்தைக்கும் தண்டனைக் குறைப்பு தரும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாசிப்பை அதில் சேர்க்க ஓர் அரசாணை போதுமென்றே நினைக்கிறேன். சிக்கல் வேறிடத்தில். இந்தியச் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனையே இல்லாதவருக்கு எதைக் குறைப்பது? பிரேசில் சட்டம் விசாரணைக் கைதிக்கும் இந்தச் சலுகையைத் தருகிறது. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாளைத் தண்டனையில் கழிக்க இங்கேயும் சட்டம் இருக்கிறது. படித்த நாளையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் தீர்ந்தது.

தானம் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பாடப்புத்தகம், காலாவதியான போட்டித் தேர்வு கைடு, பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய பிரதி வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சான சிறுகதைகள், சட்டப் புத்தகங்களின் புதிய பதிப்பு, தையல் முதல் எலக்ட்ரீஷியன் வேலைவரை படத்தோடு சொல்லும் கையேடு கொடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்க முடியுமா என்று சிறை நல அலுவலரிடம் கேளுங்கள். பிளஸ் 1.5, பிளஸ் 2 பவரில்தான் அதிகம் தேவைப்படும்.