எஃப் 1.8-ஐ விடுங்கள், முதலில் அறையை அளந்து பாருங்கள்

குறும்படம் எடுக்க வரும் தம்பி தங்கைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, கம்மி விலையில சினிமா லுக் வர்ற மாதிரி எந்த லென்ஸ் வாங்கலாம்?" கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். 50 எம்எம், எஃப் 1.8 (இந்த எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸ் துளை பெரிதாகும், பின்னணியும் மங்கும்). ஸ்டில் எடுக்க அருமையான லென்ஸ், மறுக்கவில்லை. ஆனால் கிராப் சென்சார் (முழு 35 மிமீ ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் கதை சொல்ல நினைப்பவருக்கு அது முதல் லென்ஸ் அல்ல என்று அடித்துச் சொல்வேன்.

நம் ஷூட்டிங் எங்கே நடக்கிறது? நண்பன் வீட்டு ஹாலில், மொட்டைமாடி ரூமில், டீக்கடைக்குள். பத்தடி பின்னால் போனாலே முதுகு சுவரில் இடிக்கும். ஏபிஎஸ்-சி எனப்படும் அந்த கிராப் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மிமீ. அதில் 50 எம்எம் போட்டால், பத்தடி தூரத்தில் ஃபிரேமுக்குள் வருவது ஐந்தடி அகலம்கூட இல்லை. அம்மா கட்டிலில், மகன் வாசற்படியில் என்று ஒரு காட்சி எழுதியிருந்தால் இரண்டு பேரையும் எப்படி ஒன்றாகக் காட்டுவீர்கள்? அதே இடத்தில் நின்று 28 எம்எம் மாட்டினால் எட்டடிக்கு மேல் தெரியும். ஆளோடு சேர்ந்து வீடும் தெரியும்.

"பேக்ரவுண்ட் பிளர் ஆகாதே" என்பார்கள். சினிமா என்றாலே பிளர்தான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ, அதுதான் நிறையப் பேரின் பணத்தைத் தின்கிறது. 35 மிமீ ஃபிலிம் ஸ்டில் கேமராவில் படுக்கைவாக்கில் ஓடும். அதனால் ஃபிரேம் 36 மிமீ அகலம். சினிமா கேமராவில் மேலிருந்து கீழாக ஓடும். சூப்பர் 35 என்ற அகலமான சினிமா ஃபிரேமில்கூட அகலம் 25 மிமீதான். நாம் மட்டமாக நினைக்கும் கிராப் சென்சார் ஏறக்குறைய அதே அளவு! அந்த ஃபிரேமிலும் 2.8, 4, 5.6 என்று வைத்துச் சுடுவது ஒளிப்பதிவாளர்களுக்குச் சாதாரணம். கிராப் சென்சாரில் 50 எம்எம்மை 1.8-இல் திறந்து இரண்டு மீட்டரில் ஒருவரை நிறுத்தினால், ஷார்ப்பாக இருக்கும் ஆழம் சுமார் 12 சென்டிமீட்டர். பேச்சுவாக்கில் அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கண் அவுட். ஃபோகஸைத் திருப்பவே தனி ஆள், அதாவது ஃபோகஸ் புல்லர், இல்லாத டீம் இதில் எத்தனை டேக் போகும்?

அடுத்தது ஃபோகஸ் ரிங். இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியம். இப்போது வரும் விலை குறைந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் ரிங்கைத் திருப்பினால் அது மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் கண்ணாடியை நகர்த்தும். வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். டேப் ஒட்டி மார்க் போட்டுப் பயனில்லை. பழைய மேனுவல் லென்ஸில் அந்தத் தொல்லை கிடையாது. மார்க் போட்ட இடத்துக்கு எத்தனை முறை திருப்பினாலும் அதே தூரம்.

அதனால் நான் சொல்வது: பழைய நிக்கான் ஏஐ, ஏஐ-எஸ் மேனுவல் லென்ஸ் வரிசையிலோ, எம்42 என்ற திருகு மவுண்ட் கொண்ட டக்குமார் லென்ஸ்களிலோ ஒரு 28 அல்லது 35 தேடுங்கள். எஃப் 2.8, 3.5 போதும். மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆர் போல உள்ளே ஆடி இல்லாத) பாடியில் மாட்ட, லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளைய அடாப்டரே போதும். சோனி இ மவுண்டின் ஃபிளான்ஜ் தூரம் (லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து சென்சார் வரை) 18 மிமீ, நிக்கான் எஃப் 46.5, நடுவே தாராளமாக இடம் இருக்கிறது. எம்42 லென்ஸைப் பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மட்டும் மாட்ட நினைக்காதீர்கள், இன்ஃபினிட்டி ஃபோகஸ் கிடைக்காது, அதாவது தொலைவில் இருப்பது ஷார்ப்பாகாது. சோவியத் ஹீலியோஸ் 44-2 எல்லோரும் கொண்டாடும் லென்ஸ்; பின்னணி சுழல்வதுபோல் தெரிவதும், கிளிக் இல்லாமல் வழுக்கும் அப்பெர்ச்சர் (துளை) வளையமும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 58 எம்எம். இரண்டாவது லென்ஸாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணத்தில், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர். நொடிக்கு 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் அசைவு இயல்பாக இருக்கும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் டியூப்லைட்டும் மின்னாது. ஆனால் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 2.8 வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை ஏற்றினால் நடப்பவர் வெட்டி வெட்டி நடப்பார்.

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை. விற்பவர் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அப்பெர்ச்சர் பிளேடில் எண்ணெய் மினுங்கினாலும் வீடியோவுக்குப் பெரிய பாதகமில்லை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வாங்கியதைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், அதுவும் கடலோர ஊர் என்றால் வாங்கிய அன்றைக்கே.