கிஃப்ட் பேப்பருக்கு இந்த வருடம் விடுப்பு கொடுங்கள்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வகைக் காணொளிகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஒன்று, பரிசைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த முறையில் பொதிவது எப்படி: பழுப்புக் காகிதம், சணல் கயிறு, காயவைத்த ஆரஞ்சு வில்லை, ஒரு துண்டு இலவங்கப்பட்டை, கையால் எழுதிய பெயர் அட்டை. இன்னொன்று, பண்டிகைக் காலத்தில் மனஅழுத்தமின்றி இருப்பது எப்படி. முதலாவதைச் செய்து முடித்தவருக்கு இரண்டாவது கட்டாயம் தேவைப்படும்.

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்துமஸ் வீட்டை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளையடிப்பு, தையற்கடைக்கு நடை, முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, நடுராத்திரியில் வந்து பாடும் கேரல் குழுவுக்குக் காபி, 25-ஆம் தேதி விடியுமுன் ஆராதனை, திரும்பியதும் பிரியாணி. இதில் முக்கால்வாசி பெண்கள் தலையில்தான் விழுகிறது. அவர்களிடம் போய் ஆரஞ்சைக் காயவையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சணல் கயிறும் இணையத்தில் வாங்கப்பட்டு, பிளாஸ்டிக் உறைக்குள்தான் வீடு வந்து சேர்கிறது!

என் கட்சி இதுதான்: பண்டிகையில் எது வேலையைக் குறைக்கிறதோ, அதுவே பெரும்பாலும் குப்பையையும் குறைக்கிறது. கொஞ்சம் சோம்பேறித்தனமாக யோசித்தாலே போதும்.

பளபளக்கும் ஜிகினாத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி காகிதமே அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியப் பூச்சு. கையில் கசக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கசங்கியபடியே கிடந்தால் காகிதம், தானாக விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். செய்தித்தாளை எடை போட்டு வாங்கும் பழைய பேப்பர் கடையில் இதற்கு மதிப்பில்லை. பண்டிகை முடிந்ததும் தெருமுனையில் எரிகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களில் இனிப்புப் பெட்டியைச் சுற்றும் படலம் இருக்கிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது. அதாவது, நம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு தெர்மாகோலில் மலை செய்ய முடியாது. பக்கத்தில் குவியும் ஜிகினாத் தாளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பரிசை அலங்காரத் தாளில் பொதிவது ஏதோ தொன்றுதொட்டு வந்த வழக்கம் போல நடந்துகொள்கிறோம். 1917-இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹால் சகோதரர்களின் கடையில் மெல்லிய டிஷ்யூ தாள் தீர்ந்துபோனது. கடிதஉறைக்கு உள்ளே ஒட்டும் பிரெஞ்சு அலங்காரத் தாளை எடுத்து விற்றார்கள், அது பறந்தது. பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. இன்றைய கிஃப்ட் பேப்பர் வியாபாரம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நமக்கு இதற்கு முன்பே வழி இருந்தது. தென்மாவட்டங்களில் பனை இருக்கிறது. கருப்பட்டி ஓலைப் பெட்டியில் வந்தது. செட்டிநாட்டில் சீர், கொட்டான் என்ற ஓலைக் கூடையில் போனது. மணப்பாட்டுப் பெண்கள் இன்றும் ஓலையில் பெட்டி முடைகிறார்கள். மூடியுள்ள ஓலைப் பெட்டிக்கு டேப் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம், சாதாரணப் பொதிதாளைவிடச் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால், வாங்கியவர் அதில் ஊசிநூலோ பூண்டோ போட்டு வைப்பார். துணியில் பொதிவதற்கு ஃபுரோஷிகி என்ற ஜப்பானியத் துணிக்கட்டு முறையைப் பழக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நல்ல ஈரிழைத் துண்டில் பரிசை வைத்துக் கட்டிக் கொடுத்தால் துண்டும் பரிசாகிவிடுகிறது. திருமணங்களில் சேர்ந்த தாம்பூலப் பைகள் எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கின்றன. பெயர் அச்சிட்ட பக்கத்தை உட்புறமாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பொதிவதைவிடப் பெரிய தலைவலி பரிசுகளின் எண்ணிக்கை. அத்தை வீட்டுக்கு ஒன்று, சித்தப்பா பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கி வந்த பெயருக்கு ஒன்று. போன வருடம் வந்த காபிக் கோப்பை இந்த வருடம் வேறு தாளில் வேறு வீட்டுக்குப் போகிறது. அந்தச் சீட்டுக் குலுக்கலைக் குடும்பத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடலாம்: பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டும் கொடுப்பது, பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றவர்களுக்குப் பலகாரத் தட்டு இருக்கிறதே! எவர்சில்வர் தட்டில் போகிறது, அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்புவதும் இல்லை. இதைவிடக் குப்பையில்லாத பரிசை யாராவது காட்டட்டும்.

பிள்ளைகளுக்குப் பிரித்துக் கிழிக்கும் சந்தோஷம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். வண்ணம் அச்சிட்ட ஞாயிறு இணைப்பு அருமையாகக் கிழியும்.

புதுச் சம்பந்தி வீட்டுக்குச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பெரிய ஓலைப் பெட்டியாக வாங்குங்கள்.