மணிக்கட்டை விடுங்கள், முதலில் காலைப் பாருங்கள்

பௌலிங்கில் (பந்தை உருட்டி, எதிர்முனையில் நிற்கும் ‘பின்’ எனும் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டு) பந்து ஒரே தடத்தில் போகாததற்கு மணிக்கட்டில் பலம் இல்லாததுதான் காரணம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பெரும்பாலும் பந்தை விடுமுன் நடக்கும் நடையின் முதல் அடியிலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது.

வலக்கைக்காரருக்கு நாலடி நடை என்றால், வலது கால் எடுத்து வைக்கும்போதே பந்தும் முன்னே நகர வேண்டும். கால் முந்திப் பந்து பிந்தினால், கடைசியில் கையை வெடுக்கென்று இழுக்க நேரும். தோள் திரும்பும், பந்து இடப்பக்கம் ஓடும். இரண்டாம் அடியில் பந்து காலோரம், மூன்றில் பின்னால் உச்சியில், நாலில் இடது கால் சறுக்கக் கணுக்கால் அருகே விடுதலை. கட்டைவிரல்தான் முதலில் வெளியே வர வேண்டும். பிடியை இறுக்கினால் அது சிக்கி, பந்து தொம்மென்று விழும்.

லேனுக்குப் (பந்து உருட்டும் தளம்) போக முடியாத நாளில் நம்ம ஊர் வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) போதும், 15 அடி நீளம் இருந்தால் சரி. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் இணைப்புக் கோட்டில் இடது காலை வைத்து, பந்தில்லாமல் நடந்து, சறுக்கி, மூன்று விநாடி அசையாமல் நில்லுங்கள். கால் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கல்லே காட்டிவிடும். சாக்ஸ் இடது காலுக்கு மட்டும். இரண்டிலும் போட்டால் ஆச்சிதான் வந்து தூக்கிவிட வேண்டும்!

கண் 60 அடி தள்ளியுள்ள பின்னில் வேண்டாம், லேனில் சுமார் 15 அடியில் உள்ள அம்புக்குறியில் இருக்கட்டும். நேராக உருட்டும் பந்து அங்கே ஒரு பலகை (லேனில் நீளவாக்கில் ஓடும் பட்டை) பிசகினால், பின்னிடம் நாலு பலகை தள்ளிப் போகும்.