ஷாம்பெய்னை இலை போட்ட பிறகு திறங்கள்

நம் பக்கத்தில் மது அருந்துவதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குடி, அதற்குத் தொட்டுக்கொள்ளக் கடலையோ மிக்சரோ வறுவலோ. சாப்பாடு என்பது எல்லாம் முடிந்து, பசியும் நாக்கும் மங்கிய பிறகு, பேருக்கு. பிராந்திக்கும் விஸ்கிக்கும் அந்த வரிசை பொருந்திப்போகலாம். ஒயினுக்கு, அதிலும் ஷாம்பெய்னுக்கு, அது அடியோடு பொருந்தாது என்பதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறேன். வெற்றி மேடைகளில் குலுக்கிப் பீய்ச்சப்படும் பொருளாகவே ஷாம்பெய்னைப் பார்த்துப் பழகிவிட்டோம். அது சாப்பாட்டோடு அருந்த வேண்டிய ஒயின். காவிரிக் கடைமடையின் கடலோரச் சாப்பாட்டுக்கு அதைவிட நெருங்கிய துணை வேறு எந்த ஒயினும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் கூடுவது காரைக்காலில். நான் மயிலாடுதுறை, ஒரு நண்பருக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை, திருவாரூரிலிருந்து ஓர் ஆசிரியத் தம்பதி வருவார்கள். காரைக்காலில் இருக்கும் பாட்டிலைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தராது என்பதால், பாட்டில் இருக்கும் ஊருக்கு நாங்கள் போய், இரவு அங்கேயே தங்கிவிடுகிறோம். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பி, 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்த ஊர் அது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. எங்களுக்கு இடம் கொடுக்கும் நண்பரின் மாமா ஒவ்வொரு முறை பாரிஸிலிருந்து வரும்போதும், பயணி ஒருவர் தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய 2 லிட்டருக்குள் அடங்கும்படி இரண்டு பாட்டில்களைத் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வருவார். எங்கள் ஒயின் அனுபவத்தில் பெரும்பகுதி அவர் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

ஷாம்பெய்ன் ஏன் நம் இலைக்குப் பொருந்துகிறது என்பதற்கு அது பிறக்கும் விதமே விடை. பிரான்சின் வடகிழக்கில், ரேன்ஸ், எபெர்னே நகரங்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண்ணில், திராட்சை விளையக்கூடிய குளிரின் எல்லையை ஒட்டி விளைகிறது அந்தப் பழம். ஷார்தனே, பினோ நுவார், மெனியே ஆகிய மூன்றும்தான் முக்கிய வகைகள். குளிரில் பழுப்பதால் பழத்தில் புளிப்பு குறைவதில்லை. அதிலிருந்து முதலில் கிடைப்பது குமிழி இல்லாத, மெலிந்த, கூர்மையான ஒயின். அதோடு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மூடிய பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது எழும் வாயு போக வழியின்றி ஒயினிலேயே கரைந்து, உள்ளே ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் சேர்ந்துவிடுகிறது. வேலை முடித்து மடிந்த ஈஸ்ட் அடியில் படிந்து மாதக்கணக்கில் ஒயினோடு கிடக்கிறது. பழம் பறித்த ஆண்டைக் குறிப்பிடாத சாதாரண ஷாம்பெய்ன்கூடக் குறைந்தது 15 மாதமும், ஆண்டு குறிப்பிட்டது 3 வருடமும் பாட்டிலில் இருந்த பிறகே வெளியே வர வேண்டும் என்பது விதி. சூடான ரொட்டியின் மேல்தோலை நினைவூட்டும் அந்த மணம் இந்தக் காத்திருப்பில் வருவது.

ஆக, புளிப்பு, குமிழி, குறைந்த சர்க்கரை, ஈஸ்ட்டின் உவர்ப்புச் சாயல். வறுத்த மீன்மேல் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதே வேலையை இந்தப் புளிப்பு செய்கிறது. எண்ணெயின் பிசுக்கைக் குமிழிகள் நாக்கிலிருந்து வழித்தெடுத்துவிடுகின்றன. ஒரு வாய் மீன், ஒரு மிடறு ஷாம்பெய்ன், மறுபடி மீன் என்று சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு, இதை ஏன் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்ற கேள்வி தானாகவே வரும்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிவிடுகிறேன், நம் வெயிலில் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. கும்பகோணத்து நண்பர் கொண்டுவந்து வைத்த பித்தளை அண்டா ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. உடைத்த ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, மேலே ஒரு கை கல் உப்பு; அதில் கழுத்து வரை பாட்டிலை இறக்கி அரைமணி நேரம் விட்டால் 8 முதல் 10 டிகிரிக்கு வந்துவிடும். வெறும் ஐஸ்கட்டியில் புதைத்தால் இவ்வளவு சீராகக் குளிராது. பிறகு கம்பி வலையின் முறுக்கை அவிழ்த்து, கார்க்கின் மேலிருந்து கட்டைவிரலை எடுக்காமல், கார்க்கைத் திருகாமல் பாட்டிலின் அடியைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். சத்தம் ஒரு பெருமூச்சளவுக்கு மேல் வரக் கூடாது. குளிராத பாட்டிலைக் குலுக்கித் திறப்பது கண்ணுக்கே ஆபத்து என்பதோடு, பணம் கொடுத்து வாங்கிய குமிழியெல்லாம் தரையில் போய்விடுகிறது. ஒல்லியான நீள் கிளாஸும் வேண்டாம். வெள்ளை ஒயினுக்கான, நடுவில் அகன்று வாய் குறுகிய கிளாஸில்தான் மணம் மேலெழுகிறது.

அருந்தியவற்றில் என் மனதில் முதலிடம் ட்ராப்பியே நிறுவனத்தின் ப்ரூட் நாத்யூர் ஷாம்பெய்னுக்கு. முழுக்கப் பினோ நுவார். கடைசியில் சர்க்கரை சேர்ப்பதே இல்லை. முதல் மிடறில் கறாராக இருந்தது. திருவாரூர் ஆசிரியை முகத்தைச் சுளித்துக் கிளாஸைத் தள்ளி வைத்தார். அப்போதுதான் நெத்திலி வறுவல் வந்தது. அரிசி மாவில் புரட்டி, மிளகாய்த் தூளைக் குறைத்து, முள்ளோடு மொறுமொறுவென்று பொரித்த சின்ன நெத்திலி. மீனின் உப்பு பட்டதும் அதே ஒயினில் சிவப்புப் பழங்களின் வாசனை விரிந்ததை நாங்கள் எல்லோருமே உணர்ந்தோம். தள்ளி வைத்த கிளாஸை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

பொலாஞ்சே நிறுவனத்தின் ஸ்பெஷல் கூவே ஷாம்பெய்ன் அதற்கு நேர்மாறு: கனமானது, வறுத்த கொட்டையும் வெண்ணெயும் கலந்த மணம், வாயில் நெடுநேரம் நிற்கும். அதற்கு நெத்திலி போதாது. நெய்யில் வதக்கிய இறாலும் தேங்காய்ப்பால் சேர்த்த நண்டும்தான் ஈடுகொடுத்தன. வெவ் க்ளிக்கோவின் மஞ்சள் லேபிள் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கு மட்டும் கொஞ்சம் இனிப்பு தூக்கலாகப் பட்டது. ஆனாலும் அதைக் கிளாஸில் ஊற்றும்போதெல்லாம் பார்ப் நிக்கோல் க்ளிக்கோவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1805இல் 27 வயதில் கணவரை இழந்து, நிறுவனத்தைத் தன் கையில் எடுத்து, பாட்டில்களைத் துளையிட்ட மேசையில் தலைகீழாகச் செருகி, மடிந்த ஈஸ்ட் வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் முறையைத் தன் நிலவறையில் உருவாக்கியவர் அந்தப் பெண்மணி. இன்று ஷாம்பெய்ன் கலங்கல் இல்லாமல் தெளிவாக இருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

மீன் சாப்பிடாதவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. ஷார்தனே மட்டுமே சேர்த்துச் செய்யும் ப்ளான் தெ ப்ளான் வகையோடு மெதுவடையும் வாழைக்காய் பஜ்ஜியும் எவ்வளவு இசைகின்றன என்பதைத் திருவாரூர் ஆசிரியர்தான் எங்களுக்குக் காட்டினார். தேங்காய்ச் சட்னி போதும், காரச் சட்னியைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஏனென்றால் காரம்தான் இந்த விஷயத்தில் உண்மையான எதிரி. புளியும் மிளகாயும் ஏறிய மீன் குழம்புக்கு முன் ப்ரூட், அதாவது இனிப்பு மிகக் குறைந்த, ஷாம்பெய்ன் கூர்மையாக மட்டுமே தெரிகிறது, பழம் காணாமல் போய்விடுகிறது. அந்த இடத்தில் ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் கை கொடுக்கிறது. இனிப்பு கொஞ்சம் உண்டு, ஆல்கஹால் பல பாட்டில்களில் 8, 9 சதவீதத்துக்குள் நிற்கிறது, ஆகவே காரத்தைக் கிளறிவிடுவதில்லை. பிரான்சின் போர்தோ பகுதியின் கனத்த சிவப்பு ஒயினைக் கறிக் குழம்போடு வைக்கும் வழக்கத்தை நான் அறவே ஏற்கவில்லை. அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாயோடு சேர்ந்தால் வாயெல்லாம் எரிகிறது, ஒயினும் கசக்கிறது. சிவப்பு வேண்டுமென்றால் போஜோலே பகுதியின் காமே திராட்சை ஒயினை எடுத்து, கட்டாயம் குளிரவைத்து, மிளகுக் கோழியோடு அருந்துங்கள். சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் அருந்த வேண்டும் என்று படித்துவிட்டு அலமாரியிலிருந்து அப்படியே எடுத்து ஊற்றுகிறார்கள். அந்த அறை 16, 18 டிகிரியில் இருக்கும் ஐரோப்பிய அறை; சித்திரை மாதத்து நம் கூடம் அல்ல.

இந்த வெயிலை ஒயின் விற்பவர்களும் மதிக்க வேண்டும். ஒரு கடையில் வாங்கிய பாட்டிலின் கார்க் மேலே தள்ளிக்கொண்டு, கழுத்தில் பிசுபிசுவென்று கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே வேகவைத்த பழத்தின் வாடை. கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி மாதக்கணக்கில் நிறுத்தியிருந்த பாட்டில் அது. எவ்வளவு நல்ல தோட்டத்து ஒயினாக இருந்தாலும் இந்த நடத்தையைத் தாங்காது.

எல்லோருக்கும் பாரிஸ் மாமா இருக்க முடியாது என்பதால், நம் நாட்டிலேயே ஒயின் செய்யும் நாசிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே 2013 முதல் விற்பனைக்கு வந்த ஷாந்தோன் ப்ரூட் என்ற குமிழி ஒயின், ஷாம்பெய்னைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்யப்படுவது. பழச்சுவை முன்னே நிற்கும், ரொட்டி மணம் குறைவு. ஆனால் வஞ்சிரம் வறுவலுக்கு முன் அது ஒருமுறைகூட எங்களை ஏமாற்றியதில்லை. இத்தாலியின் ப்ரொஸெக்கோவைவிட இதையே விரும்புகிறேன். ப்ரொஸெக்கோவின் குமிழி பெரும்பாலும் பெரிய தொட்டியில் உருவாக்கப்படுவது; மென்மையும் பேரிக்காய் வாசனையும் உண்டு என்றாலும் பொரித்த உணவின் எதிரில் அது சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து யாரேனும் உங்களுக்கும் பாட்டில் கொண்டுவருவார்கள் என்றால், புகழ்பெற்ற ஷாம்பெய்ன் பெயரைச் சொல்லி அவர்களுக்குச் செலவு வைக்காதீர்கள். பிரான்சிலேயே அல்சாஸ் அல்லது லுவார் பகுதியின் க்ரெமான் என்ற குமிழி ஒயினைக் கேளுங்கள். அதே பாட்டில் நொதித்தல் முறை. ஈஸ்ட்டோடு குறைந்தது 9 மாதம் கிடக்கிறது. பெரிய நிறுவனத்து ஷாம்பெய்ன் ஒன்றின் விலையில் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். நால்வருக்கு ஒரு பாட்டில், ஆளுக்கு ஒன்றரைக் கிளாஸ், அதுவும் இலையில் வறுவல் விழுந்த பிறகு.