விரல் விட்டு எண்ணுவது குறைபாடு அன்று

"மழலையர் வகுப்பில் விரல் விட்டு எண்ணும் குழந்தைக்குப் பின்னாளில் கணக்கு வராது, பள்ளியிலும் வீட்டிலும் அப்பழக்கத்தை உடனே நிறுத்துங்கள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வலம் வருகிறது. இது தவறு.

5, 6 வயதில் விரல்களைப் பயன்படுத்தும் குழந்தைகளே கூட்டல் கணக்குகளைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டாம் வகுப்பை எட்டும்போது அந்த அனுகூலம் தேய்ந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகளுக்குப் பொருந்தும் கவலையை மழலைகள்மேல் ஏற்றிவிட்டார்கள் போலும்.

மூன்றையும் நான்கையும் கூட்டச் சொன்னால், தொடக்கத்தில் குழந்தை ஒரு கையில் மூன்று விரலையும் மறு கையில் நான்கு விரலையும் நீட்டி, ஒன்றிலிருந்து ஏழு வரை முழுவதையும் எண்ணும். நாளடைவில் நான்கை மனத்தில் வைத்துக்கொண்டு, 'ஐந்து, ஆறு, ஏழு' என மூன்று விரல்களை மட்டும் மடக்கும். பெரிய எண்ணிலிருந்து தொடங்கினால் வேலை குறையும் என்பதை அது கண்டுகொண்டது என்பதே இதன் பொருள். விடை சரியா தவறா என்பதைவிட ஆசிரியரும் பெற்றோரும் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விடைகள் நினைவில் பதியப் பதிய, விரல்களின் தேவை தானே குறையும். அதட்டித் தடுத்தால் மேசைக்கு அடியில் கையை மறைத்து எண்ணும், அவ்வளவே.

8 வயதைக் கடந்தும் இரண்டும் மூன்றும் எத்தனை என்பதற்கே ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணும் பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் பேசுவது நல்லது. அப்போதும் கையைக் கட்டிப்போடுவது தீர்வாகாது. ஒரு முழுக் கையும் இரண்டு விரலும் ஏழு என, எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழக்கலாம்.